ஏரிக்கரையில் எந்த இடம் என்று கேட்டாயே

அன்புள்ள மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் எந்தக் கடிதத்தையும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை கை வரவில்லை. நாங்கள் இருவரும் நலம்தான். நீங்கள் இருவரும் நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி விசாரிக்க எனக்கு வராது, அது உனக்கும் தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீ கடல் கடந்து அனுப்பிய இரண்டு படப் புத்தகங்களும் போன வாரம் வந்து சேர்ந்தன. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். உன்னோடு வேலை பார்க்கிற ஒருவர் தன்னுடைய டிரெய்லரை உனக்கு இரவல் தருகிறார். அதை உன் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, வடக்கே ஏரியும் காடுமாக இருக்கிற பக்கம் லீவுக்குப் போகப் போகிறீர்கள். அதை நிறுத்தித் தங்குவதற்கு இரண்டு கேம்ப் பார்த்து வைத்திருக்கிறாய். இரண்டில் எது என்று நாங்கள் சொல்ல வேண்டும். இவ்வளவும் எனக்குப் புரிந்தது. தாராவியில் ஓர் அறை கிடைக்க நாயாய் அலைந்தவர்களின் மகன், கட்டிலும் அடுப்பும் வைத்த வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போகிறான் என்று உன் அப்பாவுக்கு ஒரே பெருமை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வருவதற்குள் நாலு பேரிடம் சொல்லியாகிவிட்டது. டிரெய்லர் என்றால் லாரி என்று நினைத்துக்கொண்டு, பையன் டிரான்ஸ்போர்ட் தொழிலுக்குப் போய்விட்டானா என்று ஒருவர் வருத்தமாகக் கேட்டாராம்.

முதல் கேம்ப்பைப் பற்றி நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். உன் மனசு எங்கே இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஏரியை ஒட்டி ஒற்றையாக ஓர் இடம். ஒரு டிரெய்லருக்கும் அடுத்த டிரெய்லருக்கும் நடுவில் மரங்களை அப்படியே விட்டிருக்கிறார்கள், பக்கத்தில் ஆள் இருப்பதே தெரியாது. ஒவ்வொரு இடத்துக்கும் தனிக் குழாய், தனிக் கரண்ட். இரண்டு படி இறங்கினால் தண்ணீர். காலையில் நீ படகை எடுத்துக்கொண்டு மீன்பிடிக்கப் போவாய், என் மருமகள் கிரேஸ் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டாவது கேம்ப் ஏரியிலிருந்து தள்ளி ஒரு மைதானம். டிரெய்லர்கள் வரிசையாக, ஒன்றின் சன்னல் இன்னொன்றைப் பார்த்தபடி நிற்கின்றன. கரண்ட் உண்டு, ஆனால் தண்ணீருக்குப் பொதுக் குழாய்தான். துணி துவைக்கப் பொது இடம், ஒரு சின்னக் கடை, பிள்ளைகளுக்கு ஊஞ்சல். "வாளியைத் தூக்கிக்கொண்டு தாராவி மாதிரி லைனில் நிற்க வேண்டும் அம்மா" என்று வேடிக்கையாக எழுதியிருந்தாய். அப்பா அதை வாசித்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பாவின் ஓட்டு முதல் கேம்ப்புக்கு. அதற்கு என்னவெல்லாமோ காரணம் சொல்கிறார். தனிக் கரண்ட் என்றால் ஃபியூஸ் போனாலும் அடுத்தவனோடு சண்டை வராதாம். முப்பது வருஷம் மில்லில் வயர்மேனாக இருந்த மனிதருக்கு அந்தக் கவலைதானே வரும். நான் இரண்டு புத்தகத்திலும் டெலிபோன் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கச் சொன்னேன். இரண்டாவது கேம்ப்பில் கடை வாசலிலேயே இருக்கிறது. முதல் கேம்ப்பில் இல்லை, பக்கத்து ஊருக்குக் காரில் போக வேண்டும். கிரேஸுக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரிந்தாலும் நீ அதை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போயிருப்பாய். கரடி நடமாட்டம் உண்டு, சாப்பாட்டை வெளியே வைக்காதீர்கள் என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். அதைத் தங்கள் இடத்துக்கு ஒரு பெருமையாகப் போட்டிருக்கிறார்கள் என்று அப்பா சொல்கிறார். எனக்குக் கரடி பயமில்லை. பயம் வேறே.

நீ எழுதியதை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். போன குளிர்காலத்தில் பிறந்து, வீட்டு வாசலை மிதிக்காமலே போய்விட்ட குழந்தையைப் பற்றி உன் கடிதத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. கிரேஸ் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் தொட்டிலையும் துணிகளையும் யாருக்கோ கொடுத்துவிட்டாயாம், அவள் கண்ணில் படக்கூடாது என்று. அதற்கப்புறம் அந்தப் பேச்சையே வீட்டில் எடுப்பதில்லையாம். அவள் சமைக்கிறாள், துவைக்கிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள், மற்ற நேரமெல்லாம் சன்னல் பக்கம் நிற்கிறாள். டாக்டர் இடமாற்றம் நல்லது என்றார். எந்தக் கேம்ப் என்று கேட்டதற்கு, எதுவானாலும் சரி என்றாள். அந்தச் 'சரி' எனக்கு நன்றாகத் தெரிந்த சரி.

உன் தங்கை லில்லி தவறிப்போனபோது நீ இரண்டாம் வகுப்பு, தாராவிச் சாலில் வரிசையாக இருந்த அறைகளில் ஒன்றில் குடியிருந்தோம். காய்ச்சல் வந்தது, தொண்டை அடைத்தது, போய்விட்டாள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் உனக்குச் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து, வீட்டில் ஆறுதல் ஜெபம் நடத்தி, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிய மறுநாள் அப்பா என்னிடம் வந்தார். "இந்தச் சால்ல எங்க திரும்பினாலும் அவ ஞாபகந்தான் வரும். நாம செம்பூருக்கு அங்கிட்டு ஒரு வீடு பாத்துப் போயிருவோம். மரமும் செடியுமா அமைதியா இருக்கும். என்ன சொல்லுத?" என்று கேட்டார். நான் சரி என்றேன். துணிமணியெல்லாம் கொடுத்துவிடவா என்றார். அதற்கும் சரி என்றேன். என் கையை வெட்டிக் கொடு என்று கேட்டிருந்தாலும் அன்றைக்குச் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் என் சம்மதம் கிடைத்துவிட்டது என்று நினைத்தார் பாவம். என் மேல் உயிரையே வைத்திருந்த மனிதர் செய்த காரியம் அது. அதனால்தான் அவரைக் குறை சொல்லவும் எனக்கு முடியாமல் போயிற்று.

அப்படித்தான் டிராம்பே போகிற வழியில் அந்த வீட்டுக்கு வந்தோம். இன்றைக்கு வாசலில் ஸ்டாஃப் பஸ் வரிசையாகப் போகிறது, அணுசக்தி நகருக்குச் சாமான் ஏற்றின லாரி போகிறது, பேசினால் காது கேட்பதில்லை. அப்போது பகலில் ஒரு ஆள் நடந்து போனால் நான் சன்னலுக்கு ஓடிவந்து பார்ப்பேன். இரண்டு அறை, சமையல்கட்டிலேயே குழாய், பின்னால் ஒரு பலாமரம். தாராவியில் அப்படி ஒரு வீட்டை நாங்கள் சொப்பனத்திலும் கண்டதில்லை. ஆனால் சாலில் எனக்கு லில்லி அம்மா என்று பேர். மூத்தவன் நீ, முறைப்படி உன் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நீ புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் உட்காருகிற பிள்ளை. அவள்தான் எல்லார் வீட்டிலும் புகுந்து புறப்பட்டவள். அதனால் சால் முழுக்க என்னை லில்லி அம்மா என்றுதான் கூப்பிடும். புது இடத்தில் என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லை. பால்காரனுக்கு நான் மதராஸி பாயி, ஏதோ ஒரு மதராஸ்காரம்மா. உன் அப்பா தப்பித் தவறிக்கூட லில்லி என்ற பேரைச் சொல்லமாட்டார். எனக்கு வலிக்கும் என்று அவர் பேசவில்லை, அவருக்கு வலிக்கும் என்று நான் பேசவில்லை. அப்படி ஒரு பெண்பிள்ளை பிறந்து, மூன்று வயது வரை என் இடுப்பில் இருந்தாளா என்று எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது.

இப்போது சொல்லப் போவதை உன் அப்பாவுக்குக்கூட இந்த வருஷம்தான் சொன்னேன். ஒரு நாள் காலையில் உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பாமல் நடந்தேன். கடல் உள்ளே வந்து சேறும் தண்ணீருமாகக் கிடக்குமே, டிராம்பே பக்கத்துக் கழி, அதுவரைக்கும் போய்விட்டேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. சேலை முழங்கால்வரை நனைந்த பிறகுதான் தண்ணீருக்குள் நிற்கிறேன் என்று தெரிந்தது. சாக வேண்டும் என்று நான் போகவில்லை, இதை நீ நம்ப வேண்டும். அந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டாம் என்று மட்டும்தான் இருந்தது. நண்டு பிடிக்க வந்த, அந்த ஊர் மீன்பிடிக்கிற கோலி சாதிப் பெண் ஒருத்தி தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கத்தினாள், கத்திக்கொண்டே வந்து கையைப் பிடித்து இழுத்துக் கரையில் உட்கார வைத்தாள். அவள் என்ன திட்டினாள் என்று பாதிதான் புரிந்தது. வீட்டுக்கு வந்து சேலையை மாற்றிக்கொண்டு உலை வைத்தேன். அன்று சாயங்காலம் அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "இந்த இடம் உனக்கு ஒத்துக்கிட்டது போலிருக்கே, மொகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு" என்றார். நான் அதற்கும் சரி என்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பாக வரும். வீட்டுக்குள்ளேயே குழாய் வைத்திருக்கிற ஒருத்தி, இடுப்பில் வெறுங்குடத்தோடு ரயில் ஏறினேன். குர்லாவில் இறங்கி வண்டி மாறி, சயானில் இறங்கி, நடந்து போய்த் தாராவிக் குழாயடியில் என் குடத்தை வரிசையில் வைத்தேன். அங்கே மதியம் கொஞ்ச நேரம் தண்ணீர் விடுவார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். ஏன் வந்தாய் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. குடம் வைத்தவள் வரிசையில் நிற்பவள், அவ்வளவுதான் அங்கே கணக்கு. எதிர் அறைப் பொன்னம்மாள், புருஷன் தோல் கிடங்கில் வேலை பார்த்தாரே அவள்தான், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பக்கத்தில் வந்து, "ஏ லில்லி அம்மா, உங்க லில்லி இருந்தா இந்நேரம் இந்தக் குடத்தை உருட்டிக்கிட்டுல்லா திரிவா" என்றாள். சொல்லிவிட்டுத் தன் கைக்குழந்தையை என் இடுப்பில் வைத்துவிட்டுத் தன் முறைக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். நான் அந்தக் குழந்தையைக் கட்டிக்கொண்டு அத்தனை பேர் நடுவில் அழுதேன். அழுது முடிக்கிறவரைக்கும் வரிசை அது பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது, என் குடத்தையும் யாரோ நகர்த்திக்கொண்டே போனார்கள்.

அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. திரும்பும்போது குடம் நிறையத் தண்ணீரோடு பெண்கள் பெட்டியில் ஏறுவேன். மீன்கூடைக்காரிகள் மூக்கைச் சுளித்துக்கொண்டே எனக்கு இடம் விடுவார்கள், நனைக்கிறேன் என்று அவர்களுக்குப் புகார். மீன் தண்ணீர் சொட்டுகிற கூடையை வைத்துக்கொண்டு என் குடத்தைக் குற்றம் சொல்வார்கள். அவர்களிடம் சண்டை போடுமளவுக்கு எனக்கு உயிர் திரும்பியிருந்தது. ஒரு நாள் மில்லில் சீக்கிரம் விட்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனிதர், தண்ணீர்க் குடத்தோடு தெருவில் நடந்து வருகிற என்னைப் பார்த்தார். எங்கேயிருந்து என்று கேட்டார், சொன்னேன். ஏன் என்று கேட்டார். அந்தத் தண்ணீரில் பருப்பு நன்றாக வேகிறது என்றேன். ஒரு டம்ளர் மொண்டு குடித்துப் பார்த்தார். அதே பம்பாய்த் தண்ணீர்தான், அவருக்குத் தெரியாதா. அடுத்த லீவு நாளில் குடத்தை அவரே எடுத்துக்கொண்டு, வா போகலாம் என்றார்.

பெண்கள் வரிசையில் வெள்ளைச் சட்டையும் குடமுமாக அவர் நின்றதைப் பார்த்துக் குழாயடியே சிரித்தது. பொன்னம்மாள்தான், "லில்லியப்பாவுக்கு வழி விடுங்கட்டி" என்று சத்தம் போட்டாள். அந்தப் பேரை அவரும் அத்தனை நாளாகக் கேட்கவில்லை அல்லவா. குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவர் ஓரமாகப் போய்விட்டார். நான் பின்னால் போகவில்லை. அங்கே நின்று அவர் அழுதது எனக்குக் கேட்டது. நாங்கள் தாராவிக்குத் திரும்பிவிடவில்லை, எங்கள் அறைக்கு வேறு குடித்தனம் வந்தாயிற்று. ஆனால் அன்று சாயங்கால ஜெபத்தில் லில்லியின் பேரை உன் அப்பா வாய்விட்டுச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் சொல்கிறார். நீ அதைக் கேட்டே வளர்ந்தாய், அது எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியாது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. நாங்கள் பேசாமல் கழித்த அந்த மாதங்கள் இன்னும் எங்களுக்கு நடுவில்தான் இருக்கின்றன. நான் கொஞ்சம் பேசாமல் உட்கார்ந்தால் போதும், உன் அப்பா இன்றைக்கும் எழுந்து வந்து சன்னலைத் திறக்கட்டுமா, காப்பி போடட்டுமா என்று தவிக்கிறார். கழியைப் பற்றிச் சொன்ன பிறகு அந்தத் தவிப்பு இன்னும் அதிகம். இத்தனைக்குப் பிறகும் உன் கேம்ப் விஷயத்தில் அமைதியான இடத்துக்குத்தான் ஓட்டுப் போடுகிறார் பார். ஆண்பிள்ளைகளுக்கு அமைதியின் மேல் அப்படி என்ன நம்பிக்கையோ.

இப்போது என் பயம் என்னவென்று உனக்குத் தெரிந்திருக்கும். இரண்டு படி இறங்கினால் தண்ணீர் என்று நீ ஆசையாக எழுதியிருக்கிறாய். நீ படகில் நடு ஏரியில் இருப்பாய். மரத்துக்கு அந்தப் பக்கம் யாராவது இருந்தாலும் அவளுக்கு அவர்கள் தெரியாது, அவர்களுக்கு அவள் தெரியாது. அந்த நாற்காலியில் அவளைத் தனியே உட்கார வைத்துவிட்டுப் போகாதே ஐயா. நான் உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

இரண்டாவது கேம்ப் வேண்டாம் என்பதற்கு நீ சொல்லும் காரணமும் எனக்குப் புரியாமலில்லை. அங்கே குழந்தைகள் நிறைய, ஊஞ்சலைப் பார்த்தால் அவளுக்கு வலிக்கும். வலிக்கும்தான். பொன்னம்மாள் குழந்தையை என் இடுப்பில் வைத்தபோது எனக்கு உயிரே போனது. மறுநாளும் அதற்குத்தான் ரயில் ஏறினேன். என் ஓட்டு பொதுக் குழாய்க்குத்தான் என்று எழுதிவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை மடிப்பதாக இருந்தேன். எழுத உட்கார்ந்த பிறகு எனக்கே கை தயங்குகிறது. கிரேஸ் நானில்லை. அவளுக்குக் கூட்டம் ஆகுமோ ஆகாதோ. அந்த ஊர்ப் பெண்கள் வாளியோடு நின்று என்ன பேசுவார்கள், ஒருவேளை சிரித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்களோ, எனக்கு எப்படித் தெரியும். அப்பா எனக்கு இடம் பார்த்தார். நீ அவளுக்கு இடம் பார்க்கிறாய். நான் இங்கே உட்கார்ந்து பலாமரத்தைப் பார்த்துக்கொண்டு, கண்ணால் காணாத தேசத்தில் அவளுக்கு இடம் பார்க்கிறேன். எல்லாரும் அவளுக்கு இடம்தான் பார்க்கிறோம்.

ஆகவே எந்தக் கேம்ப் என்பதை இப்போது முடிவு செய்யாதே. அட்வான்ஸ் கட்ட வேண்டும், இடம் போய்விடும் என்று அவசரப்படாதே, போனால் போகட்டும். முதலில் நீங்கள் இருவரும் இருக்கிற வீட்டிலேயே, அந்தச் சன்னல் பக்கமே, அவளோடு போய் நில். குழந்தையைப் பற்றி நீயே பேச்சை எடு. உனக்கு அழுகை வந்தால் அவள் பார்க்கிற மாதிரி அழு, குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதே. கோபப்பட்டால் படட்டும். தொட்டிலை ஏன் கொடுத்தாய் என்று கேட்டால், தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று சொல். அதற்கப்புறம் அவளிடம் எந்தக் கேம்ப் என்று கேள். அப்போது அவள் ஏரி என்று சொன்னால் ஏரிக்குப் போங்கள், ஆனால் படகில் இரண்டு பேரும் ஏறுங்கள். எங்கேயும் வரமாட்டேன் என்று சொன்னால் டிரெய்லரை அந்த மனிதரிடம் திருப்பிக் கொடுத்துவிடு. உன் அப்பா சர்ச்சில் சொன்னவர்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

கிரேஸ் கான்வென்டில் படித்தவள். என் கையெழுத்தை அவள் எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். என் கடிதங்களை நீதான் வாசித்துக் காட்டுகிறாய், அதிலும் உனக்கு வேண்டாததைத் தாண்டிப் போய்விடுகிறாய் என்று எனக்குத் தெரியும். மேலே எழுதியதில் எதை வேண்டுமானாலும் விட்டுவிடு. இனி வருவதை மட்டும் விடாமல், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமாக வாசி.

கிரேஸ், நீ அனுப்பச் சொன்ன தந்தியில் ஆண் குழந்தை என்று மட்டும்தான் இருந்தது. அடுத்த தந்தியில் அதுவும் இல்லை. என் பேரனுக்கு என்ன பேர் வைத்தாய், எனக்கு யாருமே சொல்லவில்லை. அவன் யார் சாயல், முடி நிறைய இருந்ததா, உன்னைக் கண் திறந்து பார்த்தானா? நீ சொல்லச் சொல்ல உன் புருஷன் உட்கார்ந்து எனக்கு எழுதட்டும்.

அம்மா